இடது பக்கத்து முகம்

ஊறல் அறையில் வேலை பார்க்கிறவர்களை அந்தத் தெருவில் மூக்கை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். என்னதான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் பழுத்த ஆப்பிளும் பழைய கஞ்சியும் கலந்தாற்போல ஒரு வாசனை கழுத்தோரத்தில் மிச்சம் நிற்கும். பெரியவள் மாலையில் வாசற்படி ஏறும்போதே, முன் அறையில் யாருடையதோ துணி துவைக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் கொழுந்தன் நிமிர்ந்து பார்க்காமலே சொல்வான்:

"அண்ணி வந்தாச்சு. டீ போடலாம்."

"ஒரு நாளாவது பார்த்துட்டுச் சொல்லுங்க தம்பி."

"பார்க்கவே வேணாம், காத்தே சொல்லுது. ஒரு கேன்ல பிடிச்சுட்டு வாங்கண்ணின்னா கேக்க மாட்டேங்கறீங்க. நானும் அண்ணனும் ஆளுக்கு ஒரு டம்ளர் ருசி பார்த்துட்டு, சரக்கு தேறுமா தேறாதான்னு சொல்லிடுவோம்ல?"

"மூஞ்சியில தடவறதைக் குடிச்சா குடல்தான் பளபளன்னு ஆகும். அதை யாருக்குத் திறந்து காட்டப் போறீங்க?"

அவள் புருஷன் மூலையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து சிரிப்பான். அண்ணன் தம்பி இருவருக்கும் ரிப்பேர்த் தொழில். அக்கா தங்கை இருவருக்கும் அந்த ஒரே வீடு. பெரியவள் அண்ணனுக்கும் சின்னவள் தம்பிக்கும் வாக்கப்பட்டு, முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தவர்கள். பெரியவளுடைய மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. சமையலும் வீடும் சின்னவள் பொறுப்பு, வெளிவேலை பெரியவள் பொறுப்பு என்று யாரும் உட்கார்ந்து பேசாமலே ஏற்பாடாகிப் பல வருஷம் ஓடிவிட்டது.

வேலை பார்க்கிற இடம் முன்பு சோடாக் கிடங்காக இருந்தது. முதலாளியம்மா அதை வாங்கி வெள்ளையடித்து, தரைக்கு ஓடு பதித்து, எஃகு டிரம்களை வரிசையாக நிறுத்தினார். நொய்யரிசியைக் கழுவி, ஊறவைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் முந்தின டிரம்மில் எடுத்து வைத்ததைக் கொஞ்சம் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளே அது முணுமுணுத்து நுரைத்துப் புளிக்கும். புளித்ததை வடிகட்டி, புளிப்பை இறக்கி, தாராளமாகத் தண்ணீர் கலந்து சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் அடைப்பார்கள். டிரம்மில் இருக்கிற வரைக்கும் அது ஊறல். புட்டிக்குள் போய் லேபிள் ஒட்டிவிட்டால் முகநீர்.

"இது தோலுக்குத் தண்ணி ஊத்தற சமாச்சாரம் இல்லீங்க" என்று முதலாளியம்மா வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். "இருக்கற ஈரத்தை ஓடவிடாமப் பிடிச்சு வைக்கற சமாச்சாரம். அவ்வளவுதான். இதுக்கு மேல யாராவது சொன்னா நம்பாதீங்க."

படித்தவர், தன் சரக்கைப் பற்றித் தெரிந்தவர். பின்னால் வந்த ஒரு சுவரொட்டி விஷயம் தவிர, அவர் பொய் பேசிப் பெரியவள் பார்த்ததில்லை.

பெரியவளுக்கு அந்த அறை பிடிக்கும். காலையில் மூடியைத் திறந்து முதல் மூச்சை இழுக்கும்போதே எந்த டிரம் சரியாக வந்திருக்கிறது, எது சோம்பிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். நீளத் துடுப்பால் கிண்டுவாள். புளிப்பு பார்க்கிற தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். ஊறலிலேயே அளைந்து கொண்டிருந்ததால் அவள் கைகள் நாளடைவில் குழந்தைக் கை மாதிரி ஆகிவிட்டன. முகத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. மகள் பிறந்த வருஷம் இரண்டு கன்னத்திலும் இறங்கிய மங்கு அப்படியே தங்கிவிட்டது. கஞ்சி காய்ச்சுகிற அடுப்புச் சூடும் ஆவியும் பட்டுப் பட்டு உதட்டோரமெல்லாம் வறண்டு செதில் செதிலாக நிற்கும். லேபிள் கோணலாகிப் போன புட்டிகளைக் கொடுப்பார்கள், தடவிப் பார்த்தாள். வறட்சி கொஞ்சம் மட்டுப்பட்டது. மங்கு 'நான் போகமாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டது.

சின்னவள் முகத்தைப் பற்றி என்ன சொல்ல? அடுப்படியிலேயே வேகிறவள்தான். ஆனாலும் அந்த முகத்தில் எதுவும் ஒட்டாது. குழம்புக் கறையோடு வாசலுக்கு வந்து நின்றாலும் எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பார்கள். சின்ன வயதில் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் சின்னவளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கண்ணு பட்டுடும்போல இருக்கே" என்பார்கள். பிறகு பக்கத்தில் ஒருத்தி நிற்பது ஞாபகம் வந்து, பெரியவள் பக்கம் திரும்பி, "நீ ரொம்பப் பொறுப்பான பொண்ணு" என்பார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுப்பைப் பற்றிப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு விலா எலும்புக்குக் கீழே ஏதோ ஒன்று சுருண்டு படுத்தது. எழுந்து ஓடவும் இல்லை, செத்துத் தொலையவும் இல்லை.

ஒரு நாள் முதலாளியம்மா ஊறல் அறை வாசலில் வந்து நின்று சொன்னார்: "ஏம்மா, நாளைக்குப் படம் எடுக்க ஆள் வரார். உன்னையும் எடுக்கணும்."

"என்னையா மேடம்? எதுக்கு?"

"விளம்பரத்துக்குத்தான். நீதானே இங்க எல்லாத்தையும் பார்த்துக்கறே."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தயாரிக்கிறவளைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று பெரியவள் எடுத்துக்கொண்டாள். துடுப்பும் கையுமாக டிரம் பக்கத்தில் நிற்பதுபோல மனசுக்குள் ஒரு படம் ஓடியது. வீட்டுக்கு வந்து அலமாரியின் அடியிலிருந்து, விசேஷத்துக்கென்று வைத்திருந்த நீல உடுப்பை எடுத்துத் தேய்த்தாள்.

"எங்க கிளம்பறே?" என்றான் புருஷன்.

"என்னைப் படம் எடுத்து ஊரெல்லாம் ஒட்டப் போறாங்களாம்."

"என்ன திருடினே?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுப்படியில் சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கழுவினாள், மறுபடியும் அதே கரண்டியைக் கழுவினாள். பொறாமையாக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத் தூக்கம் அத்தனை சுகமாக வந்தது.

படம் எடுக்க வந்தவர் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, "மூஞ்சியில என்ன போட்டிருக்கீங்க? பவுடரா? துடைச்சிடுங்க" என்றார். துடைத்தாள். சிரித்தாள். "சிரிக்க வேணாம்மா. சும்மா பாருங்க. இன்னும் வெளிச்சத்துக்குத் திரும்புங்க." துடுப்பு எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், முகம் மட்டும் போதும் என்றுவிட்டார். லேபிள் ஒட்டுகிறவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அக்கா, நாடாளப் போற மாதிரி இருக்கே" என்று கிசுகிசுத்தாள்.

சில வாரம் கழித்து அதே லேபிள்காரிதான் ஓடி வந்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, மருந்துக்கடைச் சுவத்துல ஒட்டிட்டாங்க."

"அப்படியா! வா, போய்ப் பார்ப்போம்."

"நாளைக்குப் பார்க்கலாம்க்கா. வெயில் அடிக்குது."

"வெயில் என்ன செய்யப் போவுது?"

ஆள் உயரத்துக்கு இருந்தது சுவரொட்டி. இடது பக்கம் பெரியவள். மங்கு, செதில், கண்ணுக்குக் கீழே பை என்று ஒன்று விடாமல் ஜன்னல் வெளிச்சம் தோண்டி எடுத்துக் கொடுத்திருந்தது. கீழே 'முன்பு' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் அதே நெற்றி, அதே மூக்கு, அதே புருவ வளைவு. வழவழவென்று நிலா மாதிரி சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கீழே 'பின்பு'.

தெரியாதவன் பார்த்தால் ஒரே ஆள் என்றுதான் நினைப்பான். ஆனால் அந்தத் தெருவில் தெரியாதவன் யார்? மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, சட்டென்று ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

முதலாளியம்மா அலுவலக அறையில் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார். "உன் தங்கச்சி உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. இது நல்ல சரக்கும்மா, உனக்கே தெரியும். ஆனா ரெண்டு மாசம் தடவி, நாலு மாசம் தடவிக் காட்டறதுக்குள்ள கடைக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிடறாங்க."

"அவளுக்குத் தெரியுமா மேடம்?"

முதலாளியம்மா பேனாவை மூடினார். "நீ மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தப்ப வந்து படம் எடுத்துட்டுப் போனா. நான் சொல்லிடறேன்னு சொன்னேன். இல்ல, நானே அக்காகிட்ட சொல்லிக்கறேன்னா."

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நடையிலேயே தெரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? என் மூஞ்சி மேல நாய் காலைத் தூக்கின பிறகா?"

"அக்கா..."

"நீல உடுப்பு தேய்ச்சேனே, பார்த்துட்டுத்தானே நின்னே? ஒரு வார்த்தை? அதைப் போடாத, மூஞ்சி மட்டும்தான் எடுப்பாங்கன்னு ஒரு வார்த்தை?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. நீ ஒத்துக்கலன்னா என் படமும் வராது." சின்னவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "உனக்கென்ன! காலையில கிளம்பிப் போறே. சாயந்தரம் வந்து உன் லேபிள்காரி அப்படிச் சொன்னா, மேடம் இப்படிச் சொன்னாங்கன்னு கதை கதையாச் சொல்லிச் சிரிக்கறே. எனக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு? குக்கர் எத்தனை விசில் அடிச்சுதுன்னா? உன் மேல வர வாசனைகூட எனக்குப் பொறாமையா இருக்கும். வாழ்க்கையில ஒரு தடவை, எனக்கு மட்டும்னு ஒண்ணு வந்துது."

"ஒரு தடவையா?" பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. "பொறந்ததுலேர்ந்து எல்லாமே உனக்கு மட்டும்தான்டி வந்துது."

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. 'தட்டு எடுத்துக்கச் சொல்லுங்க', 'உப்பு பத்தலைன்னு சொல்லிடுங்க' என்று ஆண்கள் இருவரும் தபால்காரர்களானார்கள். தெருவில் பெரியவள் போகும்போது குழாயடிப் பேச்சு சற்றே தணியும். ஒரு விடலைப் பயல் அவள் காதில் விழும்படி, "முன்பு போறாங்கடா" என்றான். 'பின்பு'வான சின்னவள் அதே வழியாகக் காய் வாங்கப் போனபோது, கடைக்காரர்கள் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார்களாம். கொழுந்தன் அதைப் பெருமையாகச் சொன்னான். பெரியவள் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். விலாவுக்குக் கீழே படுத்திருந்தது இப்போது எழுந்து உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதில் பாதியைத் தின்றது.

சுவரொட்டி வேலை செய்தது. நகரத்துப் பெரிய கடை ஒன்று, ஒரு மேஜை போட்டு முகநீரைக் காட்டி விற்க இடம் கொடுத்தது. படத்தில் இருக்கிற பெண் நேரில் வந்து நிற்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, உதட்டோரத்தில் கடுகளவு வறட்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்காகப் பேசாவிரதத்தை அவளே முறித்தாள்.

"அக்கா, அங்க கிட்டக்க வந்து உத்துப் பார்ப்பாங்களாமே. புட்டியில தண்ணி கலந்துதானே வருது? உங்க அறையிலேர்ந்து, கலக்கறதுக்கு முன்னாடி இருக்கறதைக் கொஞ்சம் கொண்டு வாயேன். அதுலதான் முழுச் சத்தும் இருக்கும்னு நீயே சொல்லுவியே."

சொல்லியிருக்கிறாள்தான். பெருமைக்குச் சொன்னது. கலக்காத ஊறல் எப்படிப்பட்டது என்பது அவளுக்கல்லவா தெரியும்! விரலில் சின்ன வெட்டு இருந்தாலும் சுரீரென்று பிடித்து உயிரை எடுக்கும். அதிலும் கோடியில் இருந்த டிரம் அந்த வாரம் மூடி சரியில்லாமல் அளவுக்கு மீறிப் புளித்துக் கிடந்தது. கையுறை இல்லாமல் தொடாதே என்று முதலாளியம்மாவே சொல்லியிருந்தார்.

பெரியவள் அந்த டிரம்மிலிருந்துதான் ஒரு புட்டி பிடித்தாள். பிடிக்கும்போது அவள் மனசில் இருந்தது வேறு. வீட்டுக்குப் போய், ஆறிய வெந்நீரில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து, மேலாகத் துடைத்து உடனே கழுவிவிடு என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். சும்மா ஒரு நல்ல பிள்ளை வேஷம், அத்தோடு போகட்டும். கூடுதல் புளிப்பில் கூடுதலாகவே தண்ணீர் விடவேண்டும் என்று வழியெல்லாம் கணக்குக்கூடப் போட்டுக்கொண்டு வந்தாள். இது நிஜம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவள் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, நாளைக்கு நிற்கப் போகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்தாள், சிரித்தாள், சிரிப்பைக் குறைத்தாள். பெரியவளின் புருஷன் ஸ்பானரும் கையுமாக அந்தப் பக்கம் போனவன், நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஜாக்கிரதைம்மா. கடைக்காரன் புட்டியை விட்டுட்டு உன்னையே கண்ணாடிப் பெட்டியில வெச்சுடப் போறான்."

சாதாரணமான பேச்சு. கள்ளமில்லாத மனுஷன். ஆனால் இத்தனை வருஷத்தில், விளையாட்டுக்குக்கூட, அவன் இவளிடம் அப்படி ஒன்று சொன்னதில்லை. இவளைப் பொறுப்பானவள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சின்னவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அக்கா என்று ஒருத்தி எங்கும் இல்லை. அந்த முகம் தன் மேலேயே அவ்வளவு திருப்தியாக இருந்தது.

பெரியவள் புட்டியை நீட்டினாள். "பஞ்சுல நல்லா நனைச்சு மூஞ்சி பூரா வெச்சுக்கோ. அப்படியே படுத்துடு. காலையில கழுவினாப் போதும்."

"எரியுமா?"

"கொஞ்சம் குறுகுறுங்கும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நீ என் அக்காதான்" என்று சின்னவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

விடியும்போது அலறல் கேட்டது. சின்னவளின் முகம் முழுக்கக் காய்ச்சின தகடு மாதிரி சிவந்து, கண் இமை வீங்கி, கன்னம் பொரிப் பொரியாக எழும்பியிருந்தது. எரிச்சலைத் தாங்கிக்கொண்டு தாங்கிக்கொண்டு, வேலை செய்யுது வேலை செய்யுது என்று படுத்திருந்திருக்கிறாள். கொழுந்தன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். பெரியவள் நடுக்கூடத்தில் நின்றாள். கூடவே ஓட வேண்டும் என்று பதறினாள். அதுவும் நிஜம்தான். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் எங்கோ ஒரு மூலையில், 'சரி' என்று ஏதோ ஒன்று அமர்ந்ததையும் அவள் உணர்ந்தாள்.

"தங்கச்சி எங்கம்மா?" முதலாளியம்மா வேன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார்.

"உடம்பு சரியில்ல மேடம். எழுந்திரிக்க முடியல."

"இன்னிக்குப் போய்! சரி, நீ ஏறு. யாராவது ஒருத்தர் நிக்கணும்ல."

கடையில் குளிர்ந்த காற்று அடித்தது. மேஜைக்குப் பின்னால் அதே சுவரொட்டி. பெரியவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு புட்டிகளை அடுக்கினாள். முதலில் வந்தது, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஒரு அம்மாள். படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கி மறுபடியும் பார்த்தார்.

"இது நீங்கதானே? இந்த இடது பக்கம் இருக்கறது?"

பெரியவள் கையிலிருந்த புட்டியை மேஜையில் வைத்தாள். "ஆமாங்க."

"அட! அதுக்கு இது எவ்வளவோ தேவலையே!" என்று பக்கத்தில் நின்ற இன்னொருத்தியைக் கூப்பிட்டார். "இங்க பாருங்கக்கா, அந்தப் படத்துல இருக்கறவங்களேதான். மங்கு பாதிக்குப் பாதி போயிருக்கு."

எங்கேயும் போகவில்லை. ஜன்னல் வெளிச்சமும் கடை வெளிச்சமும் வேறு வேறு, அவ்வளவுதான். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். வலது பக்கத்து முகத்தை யாரும் சீந்தவில்லை, அது சினிமாக்காரியாக இருக்கும் என்று தள்ளிவிட்டார்கள். இவள்தான் நிஜம். ஒருத்தி இவள் கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்று கூவினாள். கை கைமாறியது. எல்லோரும் இவள் முகத்துக்கு அருகே வந்து, கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். பொறுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் மேஜை காலி.

"அடுத்த படம் உன்னோடது மட்டும்தான்" என்றார் முதலாளியம்மா வேனில். "நீ பாட்டுக்குச் சிரி. யாரும் தடுக்க மாட்டாங்க."

அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக் கரைத்துக்கொண்டே பெரியவள் வீட்டுக்கு வந்தாள். சின்னவள் கட்டிலருகே நின்று அதைச் சொல்லவேண்டும். சும்மா, பேச்சோடு பேச்சாகச் சொல்லவேண்டும்.

கட்டிலருகே நிற்க இடம் இருந்தால்தானே! எதிர்வீட்டுக்காரி விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பழம் பிழிந்து கொண்டு வந்திருந்தாள். இவள் புருஷன், ரிப்பேருக்கு வந்திருந்த குளிர்சாதனப் பெட்டியையெல்லாம் ஓடவிட்டு ஐஸ் கட்டி எடுத்து, துணியில் சுற்றிச் சுற்றித் தம்பியிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். தம்பி அதைப் பெண்டாட்டி கன்னத்தில் பூவை வைப்பதுபோல வைத்து வைத்து எடுத்தான். பெரியவள் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வெந்துபோன முகத்துக்கும் கூட்டம் அவளுக்குத்தான்!

"அந்தப் பொம்பளையை விடமாட்டேன்" என்று கொழுந்தன் பொருமினான். "கண்டதையும் புளிக்க வெச்சு விக்கறா. நாளைக்கே போய் அந்த டிரம்மையெல்லாம் கவுத்துட்டு வரேன்."

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றது கட்டிலிலிருந்து அடைத்த குரல். சின்னவளின் கண் பிளவாகத்தான் திறந்திருந்தது. அந்தப் பிளவு அக்காவின் பக்கம் திரும்பியது. "அக்கா தண்ணி கலந்து, கொஞ்ச நேரம் மட்டும் வெச்சுக்கச் சொன்னா. நான்தான் பேராசைப்பட்டு அப்படியே வெச்சுட்டுப் படுத்துட்டேன். யார் மேலயும் தப்பில்ல."

கூடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "தங்கமான மனசு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பெரியவளுக்கு அந்த உச்சுக்கொட்டல் காதில் ஊசியாக இறங்கியது. அழகு அவளுக்கு. படம் அவளுக்கு. இத்தனை பேர் கரிசனம் அவளுக்கு. இப்போது தங்கமான மனசும் அவளுக்கா? வாழ்நாள் முழுக்க இவள் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து, நல்லவள் என்ற பேர். அதையும் படுத்துக்கொண்டே எடுத்துக்கொண்டுவிட்டாளே! தடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

"பொய் சொல்லாதே" என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "நான் தண்ணி கலக்கச் சொல்லல. கொஞ்ச நேரம்னும் சொல்லல. எரியும்னு தெரிஞ்சு, பூராவும் வெச்சுக்கோன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

விசிறி நின்றது. கொழுந்தன் அவளை அண்ணாந்து பார்த்தான். அப்போது அவன் பார்த்த பார்வையை அவள் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. அவள் புருஷன் கையில் ஐஸ் உருகி முழங்கை வழியாகச் சொட்டியது. "நீயா?" என்றான். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. பெரியவள் மறுநாளே முதலாளியம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் அவளை ஊறல் அறையிலிருந்து எடுத்துப் புட்டி கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார். "வேலையை விட்டு அனுப்பியிருக்கணும்" என்றார். "ஆரம்பிச்சு வெச்சது நான்ங்கறதால முடியல." சுவரொட்டிகளை ஆள் விட்டுக் கிழிக்கச் சொன்னார். தனிப் படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. கொழுந்தன் 'காத்தே சொல்லுது' என்று சொல்வதை விட்டுவிட்டான். அண்ணி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். புருஷன் முன் அறையில் மெஷின்களுக்கு நடுவே படுக்க ஆரம்பித்தான். இவள் வேலையிலிருந்து வந்து தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே கழுவிக் கவிழ்த்தாள்.

சின்னவளின் முகம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. உரிய உரிய, பெரியவள் கதவோரத்திலிருந்து திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். தழும்பு விழுந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேலை இடத்தில் கழுவுகிற ஒவ்வொரு புட்டியிலும் அந்த வீங்கின இமை தெரியும்.

அது ஒரு விடுமுறை நாள். மொட்டை மாடியில் சின்னவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரியவள் தன் துணி வாளியோடு ஏறி வந்துவிட்டு, திரும்பிப் போகலாமா என்று தயங்கி நின்றாள். காற்று பலமாக வீசியது. சின்னவள் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தனியாகப் பிழிய முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள், திரும்பாமலே.

அத்தனை நாளில் முதல் பேச்சு அது. பெரியவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எப்ப முடிவு பண்ணினே? அங்க டிரம்லேர்ந்து புட்டியில பிடிக்கறப்பவா? இல்ல, வீட்டுக்கு வந்து என் மூஞ்சியைப் பார்த்த பிறகா?"

பெரியவள் அந்த வெயிலில் தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் போட்ட தண்ணீர்க் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடி முன்னால் சாய்ந்த அந்தத் தலை ஞாபகத்துக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் தன் பாவம் கொஞ்சம் குறையும். கெடுக்கிற எண்ணத்தோடு எடுக்கவில்லை, ஒரு நொடியில் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அங்கயே" என்றாள். "புட்டியில பிடிக்கறப்பவே. உன்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியே."

சின்னவளின் தோள் மெதுவாக இறங்கியது. ஒரு நீளமான மூச்சு வெளியே போனது.

"அப்படின்னா சரி" என்றாள். "என்னைப் பார்த்துக்கிட்டே செஞ்சிருந்தீன்னா, அதை என்னால தாங்கியிருக்க முடியாது."

பிறகுதான் திரும்பினாள். காற்றில் தலைமுடி விலகியது. பெரியவள் அந்த முகத்தை முழு வெளிச்சத்தில், கிட்டத்தில், அப்போதுதான் பார்த்தாள். தாடை ஓரத்தில் நகத்தளவு ஒரு கருப்பு. அவ்வளவுதான். மற்றபடி புதுத்தோல், குளித்தெழுந்த பச்சைக்குழந்தைக்கு இருப்பதுபோல, முன்னைவிட மெல்லிசாக, முன்னைவிட வழவழப்பாக, வெயிலை வாங்கித் திருப்பி அடித்தது.

அப்பாடா என்று பெரியவளின் கண்ணில் நீர் முட்டியது. அதே மூச்சில், விலாவுக்குக் கீழே இருந்தது தலையைத் தூக்கி, 'பார்த்தியா, இதுவும் அவளுக்கு நல்லதாவே முடிஞ்சிருக்கு' என்றது. அவள் அதை ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"என்ன பார்த்துட்டே நிக்கறே?" என்றாள் சின்னவள். விரிப்பின் ஒரு முனையை அவள் பக்கம் எறிந்தாள். "பிடி. ஒத்தையாளாப் பிழிய முடியல."

பெரியவள் பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு பக்கமாகவும் இவள் எதிர்ப்பக்கமாகவும் முறுக்கினார்கள். விரிப்பு கயிறாக இறுகி, தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.

"இன்னும் இறுக்கு" என்றாள் சின்னவள். "உன் பக்கம் லூசா விடறே."